அமெரிக்க வர்த்தக அலுவலகங்களை ஒன்றாக்கும் திட்டம்: எந்த அதிகாரம் எந்த மேசைக்குப் போகிறது?

2012 ஜனவரி 13 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா சிறு தொழில் நடத்துபவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் ஒரு திட்டத்தை அறிவித்தார். வர்த்தகம், ஏற்றுமதி, சிறு தொழில் ஆகியவற்றைக் கவனிக்கும் ஆறு அமைப்புகளை ஒரே துறைக்குள் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யும் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனக்குத் தர வேண்டும். பத்து ஆண்டுகளில் 300 கோடி டாலர் மிச்சமாகும் என்று வெள்ளை மாளிகை கணக்குச் சொன்னது. 1,000 முதல் 2,000 பணியிடங்கள் குறையும், ஆனால் யாரையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்காது, ஓய்வு பெறுபவர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டாலே போதும் என்றும் சொன்னது.

காங்கிரஸ் அந்த அதிகாரத்தைத் தரவில்லை. ஆனாலும் இந்தத் திட்டத்தைத் தெரிந்துகொள்வது வீண்வேலை இல்லை. இதே யோசனை வெவ்வேறு பெயரில் அமெரிக்காவில் திரும்பத் திரும்ப வருகிறது. தவிர, அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் அந்நாட்டு வரிச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கும் அங்கே எந்த அலுவலகம் என்ன செய்கிறது என்பது பெரிய குழப்பம். இந்தத் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

ஆறு அமைப்புகள் எவை? முதலாவது, வர்த்தகத் துறையின் தொழில், வர்த்தகப் பிரிவுகள். அடுத்தது சிறு தொழில்களுக்குக் கடன் உத்தரவாதம் தரும் சிறு வணிக நிர்வாகம். பிற நாடுகளோடு ஒப்பந்தம் பேசும் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம். ஏற்றுமதிக்குக் கடனும் உத்தரவாதமும் தரும் எக்ஸிம் வங்கி, இது 1934 முதல் இருக்கிறது. வளரும் நாடுகளில் அமெரிக்கர்கள் செய்யும் முதலீட்டுக்குக் காப்பீடு தந்துவந்த ஓபிக். கடைசியாக, வெளிநாட்டுத் திட்டங்களின் சாத்தியக்கூறு ஆய்வுக்குப் பணம் கொடுத்து, அவற்றில் அமெரிக்கச் சாதனங்கள் விற்க வழி செய்யும் வர்த்தக வளர்ச்சி முகமை.

பிரச்சினை உண்மையானதுதான். ஒரு சிறிய அமெரிக்கத் தயாரிப்பாளர் முதல்முறையாக வெளிநாட்டுக்கு விற்க நினைக்கிறார் என்று வையுங்கள். வாங்குபவரைத் தேடித் தருவது வர்த்தகத் துறையின் வணிகச் சேவைப் பிரிவு. கடன் வேண்டுமென்றால் எக்ஸிம் வங்கிக்கும் போகலாம், சிறு வணிக நிர்வாகத்துக்கும் போகலாம். விற்பது வேளாண் பொருள் என்றால் வேளாண் துறையில் தனியாக வெளிநாட்டு வேளாண் சேவை இருக்கிறது. பொருளுக்கு ராணுவப் பயனும் உண்டு என்றால் ஏற்றுமதி உரிமம் வர்த்தகத் துறையிடம் வாங்க வேண்டும். நேரடி ஆயுதம் என்றால் வெளியுறவுத் துறை. தடைவிதிக்கப்பட்ட நாடு என்றால் கருவூலத் துறை. பெரிய நிறுவனம் இதற்கென்றே வழக்கறிஞர்களை வைத்துக்கொள்ளும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையால் அது முடியாது. அந்தப் பட்டறைக்காக ஒருவர் கவலைப்பட்டார் என்றால் அதை நான் மதிக்கிறேன்.

இன்னொரு பக்கம், வர்த்தகத் துறைக்குள்ளேயே வர்த்தகத்துக்குச் சம்பந்தமில்லாதது நிறைய இருக்கிறது. கடல், வானிலை ஆய்வு நிர்வாகமான நோவா 1970இல் அந்தத் துறையின்கீழ் வைக்கப்பட்டது. துறையின் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்க்கொண்டிருந்தது. சால்மன் மீன் நன்னீரில் இருக்கும்வரை உள்துறையின் பொறுப்பு, கடலுக்குப் போனதும் வர்த்தகத் துறையின் பொறுப்பு என்று ஒபாமா 2011 உரையில் சொன்னது இதைத்தான். அங்கே உள்துறை என்றால் போலீஸ் இல்லை. பொது நிலம், வனவிலங்கு போன்றவற்றைப் பார்க்கும் துறை. 2012 திட்டப்படி நோவா அந்த உள்துறைக்குப் போயிருக்கும்.

சரி, ஒன்றாக்கினால் தொழில் வலுப்படுமா? இதற்குப் பதில் தேட 1979க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் வர்த்தக நிர்வாகத்தை மாற்றியமைத்து, அது உண்மையிலேயே பலன் தந்தது அப்போதுதான் என்பது என் கருத்து.

அதற்கு முன் இருந்த நிலை இது. வெளிநாட்டுப் பொருள் நியாயமற்ற குறைந்த விலையில் வந்து குவிந்தால் அதற்கு ஆன்டி டம்பிங் வரி போடலாம் என்ற சட்டம் அமெரிக்காவில் பல காலமாக உண்டு. அதை நடத்தியது கருவூலத் துறை. டாலர், கடன், பிற நாட்டு நிதி அமைச்சர்களோடு உறவு, இவைதான் அந்தத் துறையின் முக்கிய வேலைகள். உள்ளூர்த் தொலைக்காட்சித் தயாரிப்பாளரின் புகார் அங்கே கடைசி வரிசையில்தான் நின்றது. ஜப்பானியத் தொலைக்காட்சிகள் குறைந்த விலையில் கொட்டப்படுவதாக 1971இலேயே முடிவு வந்தும், வரியில் பெரும்பகுதி பல ஆண்டுகள் வசூலாகாமல் கிடந்தது. அந்த விவகாரம் சமரசத்துக்கு வந்தது 1980இல், வழக்கு வர்த்தகத் துறையின் கைக்குப் போன பிறகு.

வெளிநாட்டுத் தூதரகங்களில் இருந்த வணிக அதிகாரிகளின் கதையும் இதேதான். அவர்கள் வெளியுறவுத் துறையின் ஆட்கள். அங்கே பதவி உயர்வு அரசியல் வேலை செய்தவர்களுக்குத்தான் சுலபமாகக் கிடைத்தது, விற்பனைக்கு உதவியவர்களுக்கு இல்லை.

1979இல் உலக வர்த்தகப் பேச்சின் டோக்கியோ சுற்று முடிந்தது. அதன் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தந்த சட்டத்திலேயே, வர்த்தக நிர்வாகத்தைத் திருத்தும் திட்டத்தை அனுப்பும்படி காங்கிரஸ் அதிபர் கார்ட்டருக்கு நிபந்தனை வைத்தது. அவர் அனுப்பியது 1979ஆம் ஆண்டின் மூன்றாம் மறுசீரமைப்புத் திட்டம். 1980 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆன்டி டம்பிங் வரியும், பிற நாட்டு அரசின் மானியத்தை ஈடுகட்டப் போடும் மானிய எதிர்ப்பு வரியும் கருவூலத்திலிருந்து வர்த்தகத் துறைக்கு வந்தன. தூதரக வணிக அதிகாரிகள் வெளியுறவுத் துறையிலிருந்து வர்த்தகத் துறைக்கு மாறினார்கள். வர்த்தகப் பேச்சுக்கான தனித் தூதர் பதவி, 1962 சட்டத்தில் பிறந்தது, இப்போது வர்த்தகப் பிரதிநிதி என்ற பெயரும் கொள்கையை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் பெற்றது.

இதில் யாரும் புதிதாகப் பெரிய துறை எதையும் கட்டவில்லை. அக்கறை இல்லாத இடத்தில் இருந்த அதிகாரம் அக்கறை உள்ள இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். மறுசீரமைப்பு என்று எந்த நாட்டு அரசு அறிவித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எந்தக் கையெழுத்து எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது?

அந்த ஏற்பாடு இன்றும் அப்படியே ஓடுகிறது. ஓர் அமெரிக்கத் தொழில் புகார் கொடுக்க வேண்டுமென்றால், வர்த்தகத் துறையிடமும் சர்வதேச வர்த்தக ஆணையத்திடமும் ஒரே நாளில் மனு போட வேண்டும். யார் வேண்டுமானாலும் போட முடியாது. மனுவை ஆதரிப்பவர்கள் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். கருத்துச் சொன்னவர்களின் உற்பத்தியில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும். விலை எவ்வளவு குறைத்து விற்கப்பட்டது என்று கணக்கிடுவது வர்த்தகத் துறை. அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு உண்டா என்று தீர்ப்பது ஆணையம். அதன் முதல்கட்ட முடிவு பொதுவாக 45 நாளில் வரும். இரண்டு பேரும் ஆம் என்றால்தான் வரி. அதைத் துறைமுகத்தில் வசூலிப்பது சுங்கத் துறை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, வரி இன்னும் தேவையா என்று மறுபரிசீலனை நடக்கும். இந்திய இறால்மீது 2005இல் வந்த வரி இந்த வழியில் வந்ததுதான்.

இந்த ஆணையத்தில் ஆறு உறுப்பினர்கள், ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்பது ஆண்டுப் பதவிக்காலம். ஒபாமாவின் ஆறில் இது இல்லை என்பதைக் கவனியுங்கள். அதுதான் சரி. தொழிலை வளர்க்கும் பொறுப்பில் இருப்பவரே, அந்தத் தொழிலுக்குப் பாதிப்பு உண்டா என்று தீர்ப்பும் சொன்னால், வெளியில் இருப்பவர் யார் நம்புவார்?

கார்ட்டரால் முடிந்தது ஒபாமாவால் ஏன் முடியவில்லை? கட்சி அரசியல் ஒரு காரணம். ஆனால் விதியே மாறிவிட்டிருந்தது. பழைய முறையில் அதிபர் திட்டத்தை அனுப்புவார், இரு அவைகளில் ஒன்று குறிப்பிட்ட காலத்துக்குள் வேண்டாம் என்று தீர்மானம் போடாவிட்டால் அது சட்டம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைகூட 1970இல் இப்படி வந்ததுதான். 1983இல் உச்ச நீதிமன்றம் குடியேற்றம் தொடர்பான ஒரு வழக்கில், ஓர் அவை மட்டும் தனித்து அரசின் முடிவை ரத்து செய்வது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அதோடு பழைய முறையின் அடித்தளம் போய்விட்டது. 1984இல் சட்டத்தைத் திருத்தி, இரு அவைகளும் வெளிப்படையாக ஒப்புதல் தர வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த அதிகாரமும் 1984 டிசம்பரோடு காலாவதியானது. ஒபாமா கேட்டது அதைத்தான், கூடவே ஒரு நிபந்தனையோடு: அமைப்புகளின் எண்ணிக்கையையோ செலவையோ குறைக்கும் திட்டமாக மட்டுமே இருக்கும், காங்கிரஸ் 90 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்க வேண்டும்.

நடுவில் 1983இல் ரீகன் அரசும் இதே வழியில் போய்ப் பார்த்தது. சர்வதேச வர்த்தகம், தொழில் துறை என்று புதிய துறை வேண்டும் என்பது திட்டம். வர்த்தக அமைச்சர் மால்கம் பால்ட்ரிஜ் இதற்காக வாதாடினார், மேலவையில் வில்லியம் ராத் மசோதா கொண்டுவந்தார். அவர்கள் கண்முன் இருந்த முன்மாதிரி ஜப்பானின் மிட்டி அமைச்சகம். 1949இல் தொடங்கிய அந்த அமைச்சகம், வர்த்தகத்தையும் தொழிலையும் ஒரே கையில் வைத்திருந்தது. ஆனால் மிட்டியின் பலம் அதன் பெயர்ப்பலகையில் இல்லை. 1950களில் அந்நியச் செலாவணியும் தொழில்நுட்ப இறக்குமதி அனுமதியும் அதன் கையில் இருந்தன. யாருக்கு எந்த இயந்திரம் வரலாம் என்பதை அதனால் தீர்மானிக்க முடிந்தது. அமெரிக்க அமைச்சர் யாருக்கும் அப்படி ஓர் அதிகாரம் தரும் எண்ணம் வாஷிங்டனில் எவருக்கும் இல்லை. 1985 ஜனவரியில் வந்த தொழில் போட்டித்திறன் ஆணையத்தின் அறிக்கையும் வெளிநாட்டு வர்த்தகத்துக்கென்றே தனித் துறை வேண்டும் என்றே சொன்னது. மசோதா நகரவில்லை.

அந்த ஆண்டுகளில் அமெரிக்க வர்த்தகப் பற்றாக்குறை 10,000 கோடி டாலரைத் தாண்டியதற்குப் பெரிய காரணம் டாலரின் மதிப்பு வானத்தில் இருந்தது. 1985 செப்டம்பரில் ஐந்து நாடுகள் பிளாசா ஹோட்டலில் கூடி டாலரை இறக்க ஒப்புக்கொண்டன. அலுவலகங்களை எப்படி அடுக்கி வைத்திருந்தாலும் நாணய மதிப்பின் வேலையை அவை செய்திருக்க முடியாது. இதைச் சொல்லாமல் மறுசீரமைப்பை மட்டும் போட்டித்திறனுக்கு மருந்தாகக் காட்டுவது தொழிலாளிகளுக்குச் செய்யும் அநியாயம்.

2012இல் வந்த எதிர்ப்பில் நியாயமான பகுதி வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தைப் பற்றியது. சில நூறு பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய அலுவலகம் அது. அதிபரின் செயலகத்துக்குள்ளேயே இருப்பதால், உருக்காலைக்காரர் சொல்வதையும் சோயா விவசாயி சொல்வதையும் சமமாகக் கேட்டு வெளிநாட்டுக்காரரோடு பேச முடிகிறது. பெரிய தொழில் துறையின் ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தால் விவசாயியின் குரல் அடிபட்டுப் போகும் என்ற பயம் இருந்தது. காங்கிரஸின் இரு அவைகளிலும் வர்த்தகத்தைக் கவனிக்கும் குழுக்களின் தலைவர்களும், ஒருவர் ஒபாமாவின் சொந்தக் கட்சிக்காரர், இதை எதிர்த்தார்கள். தங்கள் குழுவின் மேற்பார்வை கைநழுவிவிடும் என்ற கவலையும் அதில் இருந்திருக்கலாம். இருந்தாலும் வாதம் பலமானது.

துறைகளை இணைக்காமலே நடந்த மாற்றங்கள்தான் பட்டறைக்காரருக்கு அதிகம் உதவியிருக்கின்றன. பிற நாட்டின் நியாயமற்ற நடைமுறைக்குப் பதிலடி கொடுக்க வழிசெய்யும் வர்த்தகச் சட்டத்தின் 301ஆம் பிரிவின்கீழ் முடிவெடுக்கும் அதிகாரம் 1988 சட்டத்தில் அதிபரிடமிருந்து வர்த்தகப் பிரதிநிதிக்குப் போனது. 1992 சட்டம் ஏற்றுமதிக்கு உதவும் அமைப்புகளை ஒருங்கிணைக்கும் குழுவுக்குச் சட்ட அந்தஸ்து தந்தது. 2014 பிப்ரவரியில் ஒபாமா ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்: ஏற்றுமதி, இறக்குமதிக்கு வெவ்வேறு அமைப்புகள் கேட்கும் தகவல்களை ஒரே மின்னணுச் சாளரத்தில் ஒருமுறை கொடுத்தால் போதும், 2016 டிசம்பருக்குள் அது தயாராக வேண்டும். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவருக்குத் துறை அமைச்சர் ஒருவரா ஆறு பேரா என்பதைவிட இது பெரிய விஷயம்.

ஒபாமாவின் ஆறில் ஓபிக்கின் கதை மட்டும் வேறு வழியில் போனது. 2018 அக்டோபரில் இரு கட்சிகளும் சேர்ந்து சாதாரணச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, ஓபிக்கையும், வெளிநாட்டு உதவிகளைக் கவனித்துவந்த யூஎஸ்எய்டின் கடன் உத்தரவாதப் பிரிவையும் இணைத்துச் சர்வதேச வளர்ச்சி நிதிக் கழகத்தை உருவாக்கின. 2019 டிசம்பரில் அது வேலையைத் தொடங்கியது. கடன், உத்தரவாதம், காப்பீடு என்று ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய மொத்தப் பொறுப்பின் வரம்பு 2,900 கோடி டாலரிலிருந்து 6,000 கோடியாக உயர்ந்தது. ஓபிக்குக்கு இல்லாத உரிமை ஒன்றும் கிடைத்தது: நிறுவனங்களில் நேரடியாகப் பங்கு வாங்கலாம். கூடவே ஒரு பழைய கட்டாயமும் போனது. ஓபிக் உதவ வேண்டுமானால் திட்டத்தில் அமெரிக்கத் தொடர்பு இருந்தாக வேண்டும். புதிய கழகம் அமெரிக்க நிறுவனங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும், அவ்வளவே. அமெரிக்க நிறுவனம் ஒன்றுகூட இல்லாத திட்டத்துக்கும் அது இப்போது பணம் தரலாம்.