அக முகவரி

வீடு, பள்ளி, அலுவலகம் ஆகியவற்றின் உள்வலையமைப்பில் மட்டும் வழங்குவதற்கென ஒதுக்கப்பட்ட ஐபி முகவரியே அக முகவரி. ஐபி முகவரி என்பது வலையமைப்பில் ஒரு கருவியைச் சுட்டும் எண். மொரிஷியசில் பிரெஞ்சு வழியாகக் கணினி பயின்ற நம்மவர் இதனை ‘அத்ரெஸ் பிரிவே’ என்று அறிவர். தமிழில் எழுதும்போது ‘தனியார் முகவரி’ என்று பெயர்ப்பதுண்டு. அது பொருந்தாது. தனியார் என்னும் சொல் நம் வழக்கில் அரசு சாராத உடைமையைக் குறிக்கும். இம்முகவரியோ எவருடைய உடைமையும் அன்று. ‘பிரிவே’ என்பதன் மூலமான ‘பிரிவாத்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லும் பொதுவிலிருந்து விலக்கி வைக்கப்பட்டதையே முதலில் குறித்தது.

32 பிட் (இரும இலக்கம்) கொண்ட ஐபி முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான் என்பதால், உலகக் கணினிகள் அனைத்துக்கும் அவை போதா என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெளிவாயிற்று. ஆகவே, இணையத்தை நேரடியாகத் தொடாத கணினிகளுக்கென மூன்று தொகுதிகளை ஒதுக்கும் முறை 1994இல் வெளியாகி, 1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 என்னும் இணைய நெறிமுறை ஆவணத்தில் நிலைபெற்றது. 10.0.0.0 முதல் 10.255.255.255 வரையுள்ளது முதல் தொகுதி. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் பயன்படுத்திய 10 என்னும் எண், அவ்வலையமைப்பு 1990இல் மூடப்பட்டபின் இவ்வாறு மறுவாழ்வு பெற்றது. இரண்டாவது 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை, 172.32 என்று தொடங்குவது இதில் அடங்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாவது, 192.168 என்று தொடங்குவன அனைத்தும்.

மொரிஷியசின் ரோஸ்ஹில் நகரில் ஒரு வீட்டு அச்சுப்பொறிக்கு 192.168.1.20 என்னும் முகவரி இருக்கலாம். கூர்பிப் நகரில் ஒருவரின் கைப்பேசிக்கும் அதே முகவரி இருக்கலாம். இரண்டும் மோதுவதில்லை. கைப்பேசி வெளியே அனுப்பும் தரவுப் பொதியில் உள்வலையமைப்பை இணையத்தோடு இணைக்கும் ரூட்டர் அக முகவரியை நீக்கி, இணையத்தில் தன்னைச் சுட்டும் புற முகவரியை இட்டு, மறுமொழி வந்ததும் உரிய கருவிக்குத் திருப்பிவிடும். ஆப்பிரிக்க வட்டாரத்துக்குப் புற முகவரிகளை வழங்கும் ஆஃப்ரினிக் என்னும் அமைப்பு, நம் மொரிஷியசின் எபேனிலேயே இயங்குகிறது. ஆனால் அக முகவரிக்கு அதனிடமோ வேறெவரிடமோ விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

அகம், புறம் என்னும் இணையை நான் பரிந்துரைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. அகத்திணைப் பாடலில் தலைவனும் தலைவியும் இயற்பெயர் சுட்டப்பெறார். அவர்கள் எவராகவும் இருக்கலாம். அக முகவரியும் உலகில் ஒரு கருவியை மட்டும் சுட்டுவதன்று. ‘இரகசிய முகவரி’ என்பதும் தவறு, ஏனெனில் இத்தொகுதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை.

இணையச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே புற முகவரியின்கீழ் இணைப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்ட 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள தொகுதியை அக முகவரி என்னாமல், ‘பகிர்வு முகவரி’ என்று தனியே வழங்குதல் வேண்டும்.