தண்ணீர் நிறைந்த மலையில் ஏன் ஓடை இல்லை?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் படிக்கும் அவருடைய மகன், போன கோடையில் நண்பன் ஒருவனோடு சைக்கிளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு சவுத் டவுன்ஸ் மலைத்தொடரின் மேல் ஓர் இரவு தங்கிப் போய்வந்தானாம். "மழைக்குப் பேர்போன நாடு. படத்தில் மலை முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே ஓர் ஓடைகூட இல்லையாம். தண்ணீருக்காக மலையை விட்டு இறங்கித் திரும்ப ஏறினார்களாம். இங்கே மாரி பிறந்தால் கன்னியாவிலிருந்து கந்தளாய் வரைக்கும் எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் தண்ணீர் ஓடும். அங்கே பெய்கிற மழை எங்கேதான் போகிறது?"

மகன் சொன்னது சரி. அந்த மலைத்தொடரின் மேல் ஒரு நெடும் பாதை போகிறது. வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் கடலருகே முடியும் அந்தப் பாதை 160 கிலோமீற்றர் நீளம். முழுப் பாதையிலும் சைக்கிள் ஓட்ட அனுமதி உண்டு. மலை என்று பெயரே தவிர, உயரம் அதிகமில்லை. மிக உயர்ந்த இடங்களே 250 மீற்றரைச் சுற்றித்தான். ஆனால் மீயன், அருன், அடூர், ஊஸ், கக்மியர் என்று ஐந்து ஆறுகள் தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே கடலுக்குப் போகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். இடையில் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்கும் குறைவில்லை. எல்லாம் கூட்டினால் ஏற்றம் மட்டும் ஏறக்குறைய 4000 மீற்றர் வரும். வழியில் சில இடங்களில் பயணிகளுக்கென்று குழாய் வைத்திருக்கிறார்கள். அதைத் தவறவிட்டால் கீழேயுள்ள கிராமம்தான் கதி.

காரணம், அந்த மலை முழுக்கச் சோக்குக் கல். நாம் வெண்கட்டி என்று சொல்லும் அதே வெள்ளைப் பொருள் நூற்றுக்கணக்கான மீற்றர் தடிப்பில் அடுக்காகக் கிடக்கிறது. (இப்போது வகுப்பறையில் எழுதும் வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சம், அது வேறு பொருள்.) இந்தக் கல் உருவான கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை அங்கே கடல் இருந்தது. அதில் மிதந்த கண்ணுக்குத் தெரியாத ஒருகலப் பாசிகள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்தியிருந்தன. அவை செத்துச் செத்து, அந்தத் தகடுகள் ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்ரிமீற்றர் என்ற கணக்கில் அடியில் படிந்தன. பிறகு ஆபிரிக்காவும் ஐரோப்பாவும் நெருக்கிக்கொண்டபோது கடலடி வளைந்து மேலே வந்தது. பாசிகள் படிந்துகொண்டிருந்த காலத்தில் நம் இலங்கையும் இந்தியாவும் பூமியின் தென்பாதியில் மிதந்துகொண்டிருந்தன. கோணேசர் கோயில் நிற்கும் பாறை அதற்கும் மிக முந்தியது, 50 கோடி ஆண்டுக்கும் பழையது.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. சோக்குக் கல்லுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது?

அந்தத் தகடுகள் ஒவ்வொன்றும் சில மைக்ரோமீற்றர் அகலம்தான். மைக்ரோமீற்றர் என்றால் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இலத்திரன் நுண்நோக்கியில் பார்த்தால் ஆரக்கால் வைத்த சின்னச் சக்கரங்கள் உடைந்தும் உடையாமலும் கன்னாபின்னாவென்று குவிந்து கிடப்பது தெரியும். அப்படிக் குவிந்தால் இடுக்குகள் நிறைய வரும். இங்கிலாந்துச் சோக்கின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெற்றிடம். ஒரு கன மீற்றர் கல்லை எடுத்தால் அதற்குள் 350 லீற்றர் தண்ணீருக்கு இடமுண்டு. காய்ந்த சோக்குத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். நாக்கின் ஈரத்தை அது உறிஞ்சுகிற வேகம் அப்படி.

அப்படியானால் மலை பெரிய தண்ணீர்த் தொட்டிதானே, பக்கத்தில் ஒரு துளை போட்டால் ஊற்றவேண்டுமே? ஊற்றாது. இடுக்குகள் நிறைய இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் மிகக் குறுகல். குத்துவிளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். நூலிழைகளின் நெருக்கத்தில் எண்ணெய் புவியீர்ப்பை மீறி மேலே போகிறது. அதே விசைதான் இங்கேயும். ஒரு மில்லிமீற்றர் அகலமுள்ள கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் நிறுத்தினால் நீர் 3 சென்ரிமீற்றர் ஏறும். குழாய் எத்தனை மடங்கு ஒடுங்குகிறதோ, அத்தனை மடங்கு உயரம் ஏறும். சோக்கின் இடுக்குகள் ஒன்றோடொன்று சேரும் வாய்கள் ஒரு மைக்ரோமீற்றரும் அதற்குக் கீழும். ஆயிரம் மடங்கு ஒடுக்கம். ஆகவே ஆயிரம் மடங்கு உயரம். கணக்குப் போட்டால் 30 மீற்றர்! நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே பத்து மாடிக் கட்டட உயரத்துக்குக் கல் தன் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டிருக்க முடியும். கையால் தொட்டால் பாதை காய்ந்து கிடக்கும். ஒரு சாண் தோண்டினால் ஈரம். ஆனால் குடிக்க ஒரு மிடறு கிடைக்காது. சைக்கிளை மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு போகிறவனின் காலுக்குக் கீழே கோடிக்கணக்கான லீற்றர் தண்ணீர் கல்லின் பிடியில் இருக்கிறது.

அப்புறம் எப்படி அங்கே கிணறு வெட்டுகிறார்கள், தென்கிழக்கு இங்கிலாந்தின் குடிநீரில் பெரும்பங்கு எப்படிச் சோக்கிலிருந்து வருகிறது? வெடிப்புகளால். கல் வளைந்து மேலே வந்தபோது விழுந்த வெடிப்புகளும் படிவு அடுக்குகளின் இடைவெளிகளும் நிறைய உண்டு. மில்லிமீற்றர் அகல வெடிப்பில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். கல்லில் இருக்கும் 350 லீற்றரில் புவியீர்ப்புக்கு இணங்கி வெளியே வருவது ஏறக்குறைய 10 லீற்றர்தான். மிச்சம் கல்லோடேயே இருக்கும்.

இந்த 350க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வேடிக்கையே இருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் 300 மில்லிமீற்றர் மழைநீர் மண்ணைத் தாண்டிக் கீழே இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீற்றருக்கு 300 லீற்றர். நீர்மட்டம் ஒரு மீற்றர் ஏற வெறும் 10 லீற்றர் போதும், ஏனென்றால் கல் முன்பே கிட்டத்தட்ட நிறைந்திருக்கிறது. நிரம்பவேண்டியது வெடிப்புகள் மட்டும். ஆக நீர்மட்டம் 30 மீற்றர் ஏறும்! நம்முடைய கிணறுகளில் மாரிக்கும் கோடைக்கும் சில மீற்றர் வித்தியாசத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்பச் சிரமம். ஆனால் சவுத் டவுன்ஸில் சில்குரோவ் என்ற இடத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 1836ஆம் ஆண்டிலிருந்து அதன் நீர்மட்டத்தை அளந்து எழுதி வருகிறார்கள். மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் மிக உயர்ந்த மட்டத்துக்கும் 40 மீற்றருக்கு மேல் வித்தியாசம்.

மட்டம் ஏறி ஏறிப் பள்ளத்தாக்கின் தரையைத் தொட்டால் என்ன ஆகும்? கோடை முழுக்கப் புல்லாகக் கிடந்த பள்ளத்தில் ஒரு நாள் ஆறு ஓடத் தொடங்கும். மேலேயிருந்து வழிந்து வருவதில்லை, தரைக்குள்ளிருந்து கசிந்து எழும். லவன்ட் என்பது அப்படிப்பட்ட குளிர்கால ஆறு. 1994 ஜனவரியில் அது பெருகி, சிசெஸ்டர் நகருக்குள் வெள்ளம் புகுந்தது. மகன் போனது கோடையில். அவன் கடந்த சில பள்ளங்களில் மாசி மாதத்தில் போயிருந்தால் டயர் நனைந்திருக்கும்.

சில்குரோவ் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிணற்றுக்குள் கயிற்றை இறக்கி அளப்பதில் புதுமை ஒன்றுமில்லை. அதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை, மூன்று வருட ஆய்வுத் திட்டத்துக்குள் அது அடங்குவதுமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே கிணற்றை அளந்ததால்தான் எந்த வருடம் வறட்சி, எந்த வருடம் வெள்ளம் என்று இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை இப்படிச் சலிப்பூட்டும் நீண்ட அளவீடுகளுக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊரில் கிணறு இல்லாத பள்ளிக்கூடம் எத்தனை இருக்கும்? வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், ஒரே கப்பித் தூணிலிருந்து அளந்து ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் 20 வருடத்தில் அது பெரிய சொத்து.

கல்லுக்குள் பிடிபட்ட அந்த நீரும் சும்மா நிற்பதில்லை. மேலே புது மழை இறங்க, அடியிலிருந்து பழைய நீர் நகர்கிறது. வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர். நீர்மட்டம் 40 மீற்றர் ஆழத்தில் இருந்தால் இன்று வயலில் போட்ட உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்கு வர 40 ஆண்டுகள் ஆகலாம். தாத்தா போட்ட உரம் பேரன் குடிக்கும் தண்ணீரில் வருகிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் நைத்திரேற்றுப் பிரச்சினை உண்டு. ஆனால் அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் கரைத்த ஓட்டைகள் பெரிது, குகைகளே உண்டு. உரம் மிக விரைவாக இறங்கிவிடும். இரண்டும் சுண்ணாம்புக்கல்தான், இரண்டிலும் மேற்பரப்பில் ஆறு அரிது, உள்ளே நடப்பது வேறு வேறு. நம் திருகோணமலைப் பக்கமோ இரண்டிலும் சேராது. அடியில் இறுகிய பாறை. இடுக்கே கிடையாது என்று சொல்லலாம். மழை மேலால்தான் ஓடியாக வேண்டும். அதனால்தான் நம் முன்னோர் குளம் கட்டினார்கள்.

ஆசிரியை கேட்காத ஒன்றும் இங்கே வரவேண்டும். தண்ணீர் உள்ளே போய்விடும் என்றால், அந்த ஐந்து ஆறுகளுக்கு இடையே மகனைப் பாடுபடுத்திய, இன்று ஆறே இல்லாத பள்ளத்தாக்குகளை வெட்டியது யார்? பனியுகத்தில் பனிப்பாறை அந்த மலை வரை வரவில்லை, ஆனால் நிலம் ஆழம் வரை உறைந்துபோனது. இடுக்கிலும் வெடிப்பிலும் பனிக்கட்டி. கோடையில் உருகிய நீர் உள்ளே போக வழியின்றி மேலால் ஓடி மலையை அறுத்தது. காலநிலை வெப்பமானதும் கல் திறந்துகொண்டது, ஆறு உள்ளே போனது, பள்ளத்தாக்கு மட்டும் மிஞ்சியது.

மழை பெய்தால் அந்தப் பாதை வழுக்குவதற்கும் இதே தகடுகள்தான் காரணம். டயர் அரைத்த சோக்குத் தூள் நீரோடு குழைந்து வெண்ணெய் போலாகி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். கூடவே தீக்கல் துண்டுகள். கடற்பஞ்சுகளின் சிலிக்காவிலிருந்து உருவானவை, உடைந்தால் விளிம்பு சவர அலகு மாதிரி. ஒட்டுத் துண்டும் பம்பும் இல்லாமல் அங்கே போகக்கூடாது.

மலை உச்சியில் வட்டமாகச் சில குட்டைகளைப் பார்த்ததாகவும் மகன் சொல்லியிருக்கிறான். அவற்றைப் பனிக்குட்டை என்பார்கள். இரவில் விழும் பனித்துளியால் நிரம்புகிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. அது நடக்காது. பனி படிய வேண்டுமென்றால் காற்றைவிடப் பரப்பு நன்றாகக் குளிர வேண்டும். குட்டைத் தண்ணீர் பகல் வெப்பத்தை இரவிலும் வைத்திருக்கும், புல் குளிருமளவு அது குளிராது. நிரப்புவது மழை. ஆட்டு மந்தைக்காக விவசாயிகள் குழி தோண்டி, களிமண்ணைக் குழைத்து மிதித்து அடித்தளம் போட்டார்கள். சோக்கின் வாயை அடைத்தது அந்தக் களிமண். நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டதில் அந்தக் களிமண்ணை மிதித்தவனின் கைத்திறன் மறந்துபோனதுதான் எனக்கு வருத்தம்.

குட்டையில் போத்தலை நிரப்பலாமா என்றால், வேண்டாம். ஆடு மாடு இறங்கும் தண்ணீர் அது. வடிகட்டி பெரும்பாலான கிருமிகளைத் தடுக்கும், வயலிலிருந்து வரும் பூச்சிமருந்தை எல்லா வடிகட்டியும் தடுக்காது. ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும்போதே ஊர்க் குழாயில் மூன்று லீற்றர் பிடித்துக்கொண்டு ஏறுவதுதான் புத்தி. மூன்று கிலோ பாரம். அதைச் சட்டத்தின் நடுப் பையில் தாழ்வாக வைத்துக் கட்டினால் இறக்கத்தில் சைக்கிள் ஆடாது.