"மூலிகைதானே" என்று வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் 22 வயது இளைஞர் ஒருவரை அவசர சிகிச்சைக்குத் தூக்கி வந்தார்கள். வலிப்பு தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நாக்கின் ஓரம் கடிபட்டு, சட்டைக் காலர் முழுக்க ரத்தம். வால்ப்ரோயேட் மாத்திரையில் இரண்டு வருடமாக ஒரு வலிப்புகூட இல்லாமல் இருந்தவர். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தோம், துளிகூட இல்லை. அவருடைய அக்கா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பழுப்பு நிற எண்ணெய். என்ன செடி, எவ்வளவு, எப்போது தயாரித்தது, எதுவும் எழுதவில்லை. "மூலிகைதானே டாக்டர், பக்கவிளைவே கிடையாதுன்னாங்க. மாத்திரைய நிறுத்தி மூணு வாரம்தான் ஆச்சு."

இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

இந்த "மூலிகைதானே" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துவிட்டது. செடியிலிருந்து வந்தால் கெடுதல் செய்யாது என்று யார் சொன்னது? எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் உடம்பை வில்லாக வளைத்து ஆளையே கொல்லும். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். யூகலிப்டஸ் எண்ணெய் வயிற்றுக்குள் போனாலும் அப்படித்தான். ஒரு மருந்து வலிப்பை அடக்குமா என்று எலியில் பார்க்க, முதலில் அந்த எலிக்கு வலிப்பை வரவழைக்க வேண்டும். அதற்கு ஆய்வகங்களில் பயன்படும் பொருள்களில் ஒன்று பிக்ரோடாக்சின். அது காக்காய்க்கொல்லிக் கொடியின் விதையில் இருப்பது. வலிப்பை அடக்கும் செடியும் உண்டு, கிளப்பும் செடியும் உண்டு. "இயற்கை" என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

செடிகளில் மருந்து இல்லை என்று நான் சொல்லவே இல்லை. கஞ்சாச் செடியில் உள்ள கன்னாபிடியாலை நாங்களே மதிக்கிறோம். போதை தருவது அதே செடியின் வேறொரு பொருள், இது அல்ல. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ட்ராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு இதை அனுமதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ட்ராவே ஆய்வில் 120 பேர் இருந்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12 என்ற அளவில் இருந்த வலிப்பு 6 ஆகக் குறைந்தது. முழுதாக நின்றது நூற்றுக்கு ஐந்து பேருக்கு.

அந்த ஆய்வில் யாரும் பழைய மாத்திரையை நிறுத்தவில்லை. அதோடு சேர்த்துத்தான் இதைக் கொடுத்தார்கள். கன்னாபிடியால் வலிப்பைக் குறைத்தது என்ற செய்தியைப் பகிர்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கன்னாபிடியாலின் அளவையும் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு 200 முதல் 400 மில்லிகிராம். நாக்கில் இரண்டு சொட்டு விடுகிற கணக்கு இது இல்லை. வால்ப்ரோயேட்டோடு சேரும்போது கல்லீரல் நொதிகள் ஏறலாம், அது கல்லீரல் பாதிக்கப்படுவதன் அறிகுறி, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். கிளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற 84 கன்னாபிடியால் பொருள்களைச் சோதித்தபோது, லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான். சிலவற்றில் போதைப்பொருளும் இருந்தது. "மூலிகைப் பொடி" என்று விற்றவற்றுக்குள் பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையை அரைத்துக் கலந்திருந்ததும் உண்டு. பொடி தீர்ந்த அன்று மருந்து திடீரென நின்று, வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

அந்த இளைஞர் நிறுத்திய வால்ப்ரோயேட் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1962இல் பிரான்சில் பியேர் எமார் என்ற ஆய்வாளர், கெல்லின் என்ற செடிப்பொருளை ஒட்டிச் செய்த சேர்மங்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். எதைக் கொடுத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு அடங்கியது. அடக்கியது அந்தச் சேர்மங்கள் அல்ல, அவற்றைக் கரைக்க ஊற்றிய வால்ப்ரோயிக் அமிலம். கரைப்பானை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்திருக்காவிட்டால் பெருமை முழுவதும் செடிக்குப் போயிருக்கும். ஏதோ ஒரு செடியால் எலிக்கு வலிப்பு நின்றது என்ற செய்தியைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு மாத்திரையை ஒருநாளும் சட்டென்று நிறுத்தாதீர்கள். குறைப்பதானால் மாதக்கணக்கில், மருத்துவர் பார்த்துக் குறைக்க வேண்டும். மாத்திரையால் முடி கொட்டுகிறதா, எடை கூடுகிறதா, தூக்கம் வருகிறதா? சொல்லுங்கள், மாற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே வாருங்கள், வால்ப்ரோயேட்டை அப்போது கட்டாயம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பும் வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எண்ணெயோ பொடியோ எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள். நான் திட்ட மாட்டேன். உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் நான் எழுதும் மாத்திரையின் அளவு சரியாக இருக்கும்.