மெலிசான கேமிங் லேப்டாப்: செட்டிநாட்டு வீட்டுக்குச் சரிப்படுமா?

கடை மேசையில் இரண்டு லேப்டாப். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு ஸ்டிக்கர். ஒன்று இரண்டரை கிலோ, தூக்கினால் செங்கல் கனம். மற்றது ஒன்றரை கிலோ, கல்லூரிப் பைக்குள் சத்தமில்லாமல் போய்விடும். “ரெண்டுலயும் ஒரே கார்டுதான் சார், இது மெலிசு, அதான் விலை கூட” என்று விற்பவர் சொல்வார். அந்த வார்த்தையை நம்பிப் பணத்தை எண்ணிவிடாதீர்கள்.

லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு, அதை உருவாக்கும் என்விடியா கம்பெனி ஒரே அளவு மின்சாரத்தை விதிக்கவில்லை. 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று லேப்டாப் தயாரிப்பவர் கையில் விட்டிருக்கிறது. அதற்கு மேல் ‘டைனமிக் பூஸ்ட்’ என்று ப்ராசஸரின் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. தடித்த லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்து 140 வாட் வரை போகும். 2024-இல் வந்த ஆசூஸ் ஸெஃபைரஸ் ஜி14-ஐ எடுத்துக்கொண்டால், எடை 1.5 கிலோ, பேட்டரி 73 வாட்-மணி, 4060 கார்டுக்கு உச்சம் 90 வாட். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. உள்ளே போகிற ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும், ஒன்றரை கிலோ உடம்பால் அதற்கு மேல் வெளியே தள்ள முடியாது. தெரிந்து வாங்கினால் நல்ல லேப்டாப். தெரியாமல் வாங்குகிறவர்தான் மூன்று மாதம் கழித்து “ஃப்ரேம் இறங்குது, கேம் திக்குது” என்று சர்வீஸுக்குத் தூக்கி வருகிறார். அதில் ரிப்பேர் செய்ய ஒன்றுமே இருக்காது.

இந்த எண்ணைப் பார்ப்பது எளிது. என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ போனால், ‘மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்’ என்ற வரிக்கு எதிரே வாட் இருக்கும். கடை டெமோ லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. டாலி, எக்ஸெல், ஜிஎஸ்டி தாக்கல், ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் இந்தக் கார்டே தேவையில்லை. தினமும் பிளெண்டர், சாலிட்வொர்க்ஸ் போன்ற முப்பரிமாண டிசைன் சாஃப்ட்வேர் திறக்கும் மாணவர், கல்யாண வீடியோ எடிட் செய்பவர், பகலில் வேலையும் இரவில் கேமுமாக ஒரே லேப்டாப்பில் ஓட்ட நினைப்பவர், இவர்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

பேட்டரிக் கணக்கு வகுத்தல்தான். 73 வாட்-மணி பேட்டரி, பிரவுஸரும் வேர்டும் ஓடும்போது 11 வாட் இழுத்தால் ஆறரை மணி நேரம் வரும். அதே வேலையில் கிராபிக்ஸ் கார்டு தூங்காமல் விழித்திருந்தால் 25 வாட்டுக்குப் போகும், மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. “கேமிங் லேப்டாப்னா பேட்டரி நிக்காது” என்ற பேச்சில் பாதி இந்த விழிப்பால் வந்தது. எச்டிஎம்ஐ ஒயரில் வெளி மானிட்டரை மாட்டினால், பல மாடல்களில் அந்தத் துளை நேராகக் கார்டில் இருந்தே வருவதால் கார்டு தூங்காது. அசையும் வால்பேப்பர், கீபோர்டு விளக்கு மாற்றும் ஆப் போன்றவையும் எழுப்பிவிடும். எல்லாவற்றையும்விட அடிக்கடி பார்ப்பது, கேமுக்காக திரையைக் கார்டோடு நேராக இணைக்கும் ‘மக்ஸ் ஸ்விட்ச்’சைக் கார்டு மட்டும் என்று மாற்றிவிட்டு, திருப்பிப் போட மறந்துவிடுவது. வேலை நாளில், வேண்டியபோது மட்டும் கார்டை எழுப்பும் ‘ஹைப்ரிட்’ அல்லது ‘ஆப்டிமஸ்’ நிலைக்குக் கொண்டுவந்து, திரையை 165 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்கு இறக்கிப் பாருங்கள். பேட்டரியில் கேம் ஆட ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், அதுவும் பாதி வேகத்தில்.

எடை பார்க்கும்போது சார்ஜரையும் தராசில் வையுங்கள். 180, 240 வாட் சார்ஜர் ஒயரோடு முக்கால் கிலோவை நெருங்கும். டைப்-சி துளையில் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள், எல்லாத் துளையிலும் ஏறாது. ஏறும் என்றால் 100 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று பைக்குப் போதும், பெரியது வீட்டிலேயே கிடக்கட்டும். அந்தச் சின்னதை மாட்டிக்கொண்டு கேம் ஆடினால் மட்டும், சார்ஜில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும். 100 வாட் உள்ளே போய் 130 வெளியே போனால் மீதி பேட்டரியில் இருந்துதானே வர வேண்டும்.

இனி, செட்டிநாட்டுப் பக்கம் யாரும் சொல்லாமல் விடுகிற விஷயம்.

“லேப்டாப் கூசுது, லேசா ஷாக் அடிக்குது.” காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தப் புகார் அதிகம். மெலிசான லேப்டாப்புக்குப் பெரும்பாலும் அலுமினிய உடம்பு. ஓரத்தில் விரலை மெதுவாக இழுத்தால் சொரசொரவென்று அதிர்வது போல இருக்கும். மணிக்கட்டு படும் இடத்தில் ஊசி குத்தும். டச்பேடில் அம்புக்குறி தானாகத் துள்ளும், ஹெட்போனில் ‘ம்ம்’ என்று இரைச்சல் வரும். டெஸ்டரை லேப்டாப் உடம்பில் வைத்தால் மினுக்கென்று எரியும். லேப்டாப்பில் ஷார்ட் என்று நினைத்து போர்டைக் கழற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு சுவரில்தான் இருக்கும்.

நடப்பது இதுதான். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட, மின்சாரப் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே சின்ன கெபாசிட்டர் ஒன்று இருக்கும். அதன் வழியே மிகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் கசியும். மூன்றாவது பின் எர்த்தோடு சேர்ந்திருந்தால் அது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் லேப்டாப் உடம்பில் தேங்கி, வெறும் காலோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் வழியாக இறங்கும். தரை துடைத்த ஈரம் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மல்டிமீட்டரில் 100 வோல்ட் பக்கம் காட்டினாலும் கசிவது பொதுவாக ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவுதான், அதனால் ஆளை எதுவும் செய்யாது. ஆனால் அந்தச் சொரசொரப்பு ஒரு எச்சரிக்கை: சார்ஜருக்குள் இன்சுலேஷன் போனால் கரண்டைத் தரைக்கு இழுக்க உங்கள் வீட்டில் வழியில்லை.

நூறு வருஷத்து வீடு என்றால், சுவர் முதலில் வந்தது, வயரிங் பிறகு வந்தது. பட்டாலை என்கிற கூடத்திலும், வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிய அறைகளிலும் மரக்கட்டையின் மேல் ஓடும் இரண்டு ஒயர், இரண்டு ஓட்டை பிளக், இவ்வளவுதான் பல வீடுகளில். சோதிக்க மல்டிமீட்டர் போதும். கை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். இரண்டாவது அளவு பூஜ்யமாகவோ அலைபாய்ந்துகொண்டோ இருந்தால், மூன்று ஓட்டை சாக்கெட் பெயருக்குத்தான் இருக்கிறது. எர்த் குழி இருக்கிற வீட்டிலும் பங்குனி, சித்திரையில் செம்மண் காய்ந்து பிடிப்பு போய்விடும், குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யவிடாதீர்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஜம்பர் போட்டு இணைப்பது. கூசுவது நின்றுவிடும், டெஸ்டரும் எரியாது, வேலை முடிந்த மாதிரி இருக்கும். என்றைக்காவது நியூட்ரல் விட்டுப்போனால், லேப்டாப்பின் மெட்டல் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். ஒரு தனி எர்த் ஒயரைப் புதிதாக இழுத்து, மெயினில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். எத்தனை கெஞ்சினாலும் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அண்ணனோ சித்தப்பாவோ வாங்கி வரும் லேப்டாப்பிலும் இதே சிக்கல் வேறு வழியில் வரும். 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம், அதில் பிரச்சினை இல்லை. அங்கத்து பிளக் தட்டையான மூன்று பின். இங்கே இருபது ரூபாய் கன்வர்ட்டரில் செருகினால் எர்த் அங்கேயே அறுந்துபோகும். சார்ஜரில் ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால் சார்ஜரை மாற்ற வேண்டாம், சுவருக்கு வரும் ஒயரை மட்டும் நம்மூர் மூன்று பின்னுக்கு மாற்றுங்கள். சார்ஜர் பக்கத்து முனை, சின்ன சார்ஜர் என்றால் மூன்று இலை வடிவத்தில் இருக்கும், பெரியதென்றால் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்கு மாட்டும் அதே முனை. வாங்கித் தருகிறவரிடம் முதலிலேயே கேட்க வேண்டியது ஒன்றுண்டு: வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும்.

கரண்ட் போனால் கேமிங் சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் ஓட்டாதீர்கள். 200 வாட் இழுத்தால் வீட்டு ஃபேன்கள் ஓடும் நேரம் சுருங்கிவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் சார்ஜர் இரையும், சூடாகும். லேப்டாப்பில்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே.

வெப்பத்துக்கு வருவோம். ஷோரூமில் ஏசி 24 டிகிரி. சித்திரை மதியம் உங்கள் மாடி அறை 36-ஐத் தாண்டும். அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறப் பார்க்கும். ஏற முடியாத எல்லையைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டுவிட்டதே என்று பதற வேண்டாம், கொஞ்ச நேரம் அப்படித் தொடுவதற்குத்தான் செய்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியது, இருபதாவது நிமிடத்தில் எத்தனை வாட்டில் நிற்கிறது என்பதை. தடித்த சுவரும் வளவுக் காற்றும் இருக்கிற கீழ் அறை, மாடி அறையைவிட நல்ல இடம்.

மெலிசான லேப்டாப் அடியிலிருந்துதான் காற்றை உறிஞ்சும். ரப்பர் கால் சில மில்லிமீட்டர்தான். மெத்தை, கோரைப் பாய், மடியில் விரித்த துண்டு, எதன் மேல் வைத்தாலும் வாய் அடைபடும். ஆத்தங்குடிக் கல்லில் நேராக வைப்பது காற்றுக்கு நல்லது, ஆனால் தரையோடு ஓடும் செம்மண் தூசி அப்படியே உள்ளே போகும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி விடுங்கள். உள்ளே போன தூசி ஃபேனுக்கும், வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி பாய் விரிக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். பிடிக்காமல் புளோயர் அடித்தால் ஃபேன் கண்டபடி சுற்றி பேரிங் போகும். ஹீட்சிங்க்கைக் கழற்றுவதற்கு முன் உங்கள் மாடலில் ‘லிக்விட் மெட்டல்’ பூச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது மின்சாரம் கடத்தும், ஒரு சொட்டு சிந்தினாலும் போர்டு ஷார்ட். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். சாதாரண பேஸ்ட் என்று நினைத்துத் துடைக்கிற கைக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது.

எப்போதும் சார்ஜரில் கிடக்கும் லேப்டாப் என்றால், கம்பெனி ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். நிறைந்த பேட்டரியும் வெப்பமும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். முதல் அறிகுறி டச்பேட் அழுத்தக் கடினமாவது, பிறகு மூடி சரியாக மூடாது. அப்போதே சார்ஜரை எடுத்துவிடுங்கள். அழுத்திப் பார்க்கவும் குத்திப் பார்க்கவும் வேண்டாம்.

ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா என்று கேளுங்கள். மேலே சொன்ன ஜி14-இல் அப்படித்தான். பிறகு கூட்ட முடியாது, எடுக்கும்போதே 32 ஜிபி எடுப்பது நல்லது. கண்டாங்கிச் சேலையைப் படம் பிடித்து ஆன்லைனில் விற்பவர்கள் திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு, அதாவது 100 சதவீத எஸ்ஆர்ஜிபி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று போட்ட, நிறம் குறைந்த திரையில் அரக்கும் கடுகு மஞ்சளும் வெளிறித் தெரியும், அதைப் பார்த்து நிறத்தை ஏற்றி அனுப்பினால் சேலை திரும்பி வரும்.

ஆன்லைனில் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும், மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் வீட்டில் ஒரு மதியம் ஒதுக்குங்கள். இரண்டு மணிக்கு, நீங்கள் வழக்கமாக உட்காரும் மேசையில், உங்கள் சாக்கெட்டில் மாட்டி, வாட் அளவைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ ஆப்பைத் திறந்து வைத்துவிட்டு ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் கார்டும் ப்ராசஸரும் எத்தனை வாட், முப்பதாவது நிமிடத்தில் எத்தனை வாட் என்று எழுதுங்கள். 90 என்றிருந்தது 80-க்கு வந்தால் இந்த வெயிலுக்கு நியாயம். 50-க்கு இறங்கினால் திருப்பிக் கொடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, ஒரு மணி நேரம் உங்கள் அன்றாட வேலையைச் செய்து எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். 15-க்குள் இருந்தால் நன்று, 30-ஐத் தாண்டினால் கார்டு விழித்திருக்கிறது, மேலே சொன்ன இடங்களில் தேடுங்கள். கடைசியாக, சார்ஜரை மறுபடி மாட்டி, செருப்பில்லாமல் நின்று, புறங்கையால் மூடியின் ஓரத்தை மெதுவாகத் தடவுங்கள். சொரசொரத்தால், லேப்டாப்பைத் திருப்பி அனுப்புவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.