குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இத்தனை வருஷப் படிப்பா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து வீடுகளிலிருந்து. பேசுவது பெரும்பாலும் அப்பாக்கள். "புள்ளைக்கு டீச்சர் வேலைன்னா ஆசைங்க மேடம். சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குத் தனியா ஏதோ கோர்ஸ் இருக்குதாமே?" என்பார்கள். டிகிரி என்றால் மூன்று வருஷம், கேரளத்தில் ஆனர்ஸோடு முடித்தால் நாலு வருஷம் என்று சொன்னதும் குரல் மாறும். "குழந்தைகளப் பாத்துக்கறதுக்கு இத்தனை வருஷப் படிப்பாங்க?"

நியாயமான கேள்விதான். நம் பாட்டிமார் யாரும் கல்லூரிக்குப் போய்விட்டு வந்து பிள்ளை வளர்க்கவில்லை. ஆனால் ஒரே வயதுக் குழந்தைகள் இருபது பேரை ஒரு அறையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எது வரவில்லை, யாரிடம் எதை இப்போது எதிர்பார்க்கவே கூடாது என்று பிரித்துப் பார்க்கும் வேலை எந்தப் பாட்டிக்கும் வந்ததில்லை. அந்தப் பார்வையைத்தான் கல்லூரி கற்றுக்கொடுக்க வேண்டும். பாட்டு, டான்ஸ், கலர் பேப்பர் வெட்டுவதெல்லாம் போகிறபோக்கில் வந்துவிடும்.

நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் குழந்தை வளர்ச்சி ஆலோசகராக வேலை செய்கிறேன். களப்பயிற்சிக்கு வரும் மாணவிகளின் நோட்டுகளைத் திருத்துவதும் என் தலையில்தான் விழும். முதல் வருஷ நோட்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "குழந்தை அடம்பிடித்தான். யாருடனும் சேரவில்லை." இரண்டு வாக்கியத்தையும் அடித்துவிடுவேன். அடம் என்பது நீ எடுத்த முடிவு, கண்ணில் பட்டதை எழுது என்பேன். அடுத்த நாள் எழுதிவருவாள்: "9.40: தோளிலிருந்து பையைக் கழற்றவில்லை. பாயின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் கட்டை அடுக்குவதைப் பார்க்கிறான். 9.52: உருண்டு வந்த கட்டையை எடுத்துத் திரும்பக் கொடுத்தான். பேசவில்லை."

இரண்டாவது குறிப்பில் இருக்கும் குழந்தை அடங்காப்பிடாரி இல்லை. அவன் வேடிக்கை பார்க்கும் கட்டத்தில் இருக்கிறான். மில்ட்ரட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே குழந்தைகளின் விளையாட்டை வகை பிரித்திருக்கிறார். தனியாக விளையாடுவது, மற்றவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, கடைசியில் கூடி விளையாடுவது. பாயின் ஓரத்தில் நிற்கும் பையனைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்காரவைத்தால் அழுவான். அவன் பக்கத்தில் நாலு கட்டையைச் சும்மா வைத்துவிட்டு நகர்ந்தால் போதும். பியாஜே, வைகாட்ஸ்கி என்ற குழந்தை உளவியல் அறிஞர்களின் பெயர்களைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்தாலும் மன்னிக்கலாம். இந்தப் பார்வை கைவராமல் பட்டம் வாங்கினால்தான் எனக்குக் கவலை.

அடுத்தது கை. மூன்று வயதில் நாலுகோடு நோட்டு வாங்கிக் கொடுத்து வீட்டுப்பாடம் தரும் நர்சரிகள் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நோட்டு நிறைந்தால்தான் கொடுத்த ஃபீஸுக்குப் பலன் என்று பெற்றோரும் நினைக்கிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். மூன்று வயதுக் குழந்தை வட்டம் போடும், நாலு வயதில் கூட்டல் குறி, அதற்குப் பிறகுதான் சதுரம், முக்கோணமெல்லாம். சாய்கோடே நேராக வராத கைக்கு 'அ' எப்படி வரும்? சப்பாத்தி மாவு போலப் பிசைந்த களிமண், துணி கிளிப், மணி கோக்கும் நூல் என்று விரலுக்கு வேலை கொடுங்கள். இதைப் பெற்றோரிடம் பதறாமல், சண்டை போடாமல் விளக்கத் தெரிவதும் இந்தப் படிப்பில் ஒரு பாதி.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், செல்ஃபோனில் இங்கிலீஷ் ரைம்ஸ். குழந்தை "பூச்ச ஓடிருச்சு" என்று சொன்னால், ரெண்டும் கெட்டானாகப் பேசுகிறது என்று வீட்டில் பயந்துபோவார்கள். பூனைக்கு மலையாளச் சொல், வினைமுற்றோ சுத்தத் தமிழ், காலமும் சரி. மூளை ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். "வீட்ல தமிழ நிறுத்திட்டு மலையாளம் மட்டும் பேசுங்க" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. எத்தனை சொல் வந்திருக்கிறது என்று எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு உண்மையான தாமதத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொற்கள் திடீரென நின்றுபோயின — இவற்றில் எது இருந்தாலும் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று மாமியார் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டே அரசின் மாவட்ட ஆரம்பகட்டத் தலையீட்டு மையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

இந்த விஷயத்தில் கேரளம் நாட்டுக்கே ஒரு நல்ல கருவி தந்திருக்கிறது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை அது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள். ஒரு பேனாவும் சாவிக்கொத்தும் இருந்தால் அங்கன்வாடி டீச்சரே சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பின்னாளில் அதை ஆறு வயது வரைக்கும் நீட்டினார்கள். மொழிக்கும் தனி அட்டவணை உண்டு. இதைக் கையில் எடுத்துப் பழகாமல் ஒரு மாணவி படிப்பை முடிக்கக்கூடாது.

எங்கே படிப்பது? கோயம்புத்தூரில் 1957-ல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நமக்குக் கைக்கெட்டும் தூரம். பெண்களுக்கு மட்டும். கேரளத்துக்குள் அங்கமாலி மார்னிங் ஸ்டார், எர்ணாகுளம் செயின்ட் தெரசாஸ் கல்லூரிகளில் ஹோம் சயின்ஸ் உண்டு. குழந்தை வளர்ச்சி அதற்குள் ஒரு பகுதியா, தனிப் பட்டமா என்று அந்த வருஷத்துப் ப்ராஸ்பெக்டஸில் பாருங்கள். பட்டம் வேண்டாம் என்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோ இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் அட்மிஷன் மேஜையில் ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவி நிஜக் குழந்தைகளோடு இருப்பாள்? பரோடா பல்கலைக்கழகத்தின் குடும்ப, சமூக அறிவியல் புலம் (பழைய மனையியல் புலம்) சேதன் பால்வாடி என்று ஒரு பள்ளியையே ஆய்வுக்கூடமாக நடத்துகிறது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து அங்கன்வாடியோடு ஏற்பாடாவது இருக்க வேண்டும்.

டவுனில் மாடிப்படி ஏறினால் ஒரு மாதத்தில் "மாண்டிசோரி" சான்றிதழ் தருகிறவர்கள் உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும்வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், தடையில்லை. ஆகவே பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். முன்பருவக் கல்வி டிப்ளமோ என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுவின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் வேண்டும். இரண்டின் வலைத்தளத்திலும் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

சம்பளத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. இன்றைக்கும் அங்கன்வாடி டீச்சருக்குக் கிடைப்பது மதிப்பூதியம்தான். மத்திய அரசு நிர்ணயித்தது 2018 முதல் மாதம் 4,500 ரூபாய், மாநிலம் தன் பங்கைச் சேர்க்கும். அவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று சுப்ரீம் கோர்ட் சொல்லவே 2022 ஆயிற்று. தனியார் பிளே ஸ்கூலில் நிலைமை இடத்துக்கு இடம் வேறு, பல இடங்களில் மோசம். பட்டம் இருந்தால் கதவுகள் கூடும். ஐ.சி.டி.எஸ். என்ற அந்த அங்கன்வாடித் திட்டத்தின் சூப்பர்வைசர் தேர்வு எழுதலாம். ஆர்.சி.ஐ. பதிவு வாங்கினால் சிறப்புக் கல்வியாளர் ஆகலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டின் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும். காப்பகம் என்றால் ஒரு ஆயாவும் ஒரு தொட்டிலும் போதும் என்ற நினைப்பு மாறினால் அங்கேயும் படித்தவர்களுக்கு இடம் உண்டு.

எல்லை தாண்டிப் படிக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் படித்துவிட்டுக் கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) தேர்வு எழுதப்போகிறவர்கள், அந்தப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றிதழ் தேவைப்படுமா என்று சேர்வதற்கு முன்பே விசாரியுங்கள். முடித்தபிறகு அலைவது பெரும்பாடு. மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாமல் வேலைக்குச் சேர்ந்தால் பிறகு மொழித் தேர்வு எழுத வேண்டிவரும், அந்த மூன்று வருஷத்திலேயே கற்றுக்கொள்வது லாபம். தமிழை விட்டுவிடவும் வேண்டாம். இங்கே உங்களிடம் வரப்போகும் குழந்தைகளில் நிறையப் பேர் அழுவது தமிழில்தான்.