பம்பை அலுமாரியில் பூட்டாதீர்கள்

மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். 1998இல் தொடங்கியது. கொழும்பில் அது வெசாக் கூடுகள் கட்டும் பரபரப்புக்கு நடுவே வந்து, ஒரு சிறு பத்திரிகைச் செய்தியோடு போய்விடும். வெள்ளவத்தையில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. நடைபவனி நடக்காததால் யாருக்கும் மூச்சு முட்டிவிடாது. நான் கேட்பது ஒரு சுற்றறிக்கை: தொய்வு, அதாவது ஆஸ்துமா, உள்ள பிள்ளையின் பம்ப் (வாயால் இழுக்கும் மருந்து, இன்ஹேலர்) பிள்ளையின் பையிலேயே இருக்கலாம் என்று ஒவ்வொரு வகுப்பாசிரியரின் கைக்கும் வந்து சேரும் ஒரு தாள்.

"மிஸ் பம்பை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார்" என்று கடைக்கு வரும் தாய்மார் முறையிடுவார்கள். ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். கையில் ஒரு கடிதமும் இல்லாதவர் மருந்தைத் தொடப் பயப்படத்தான் செய்வார். பிரித்தானியாவில் 2014 ஒக்டோபர் முதல், டாக்டரின் சீட்டு இல்லாமலே பாடசாலைகள் அவசரத்துக்கு சல்பியூட்டமோல் பம்ப் வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மாணவர் தம் பம்பைத் தாமே வைத்திருக்கலாம். அங்கேயும் மே மாதம் ஆஸ்துமா, ஒவ்வாமை விழிப்புணர்வு மாதம்தான். ஆளுநர்கள் பிரகடனம் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். ஆனால் பிள்ளைக்குக் கைகொடுப்பது அந்தச் சட்டம்.

இன்னொரு சிக்கல் நீலப் பம்ப், அதாவது மேலே சொன்ன சல்பியூட்டமோல். அது சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது, பெரும்பாலும் மண்ணிறத்தில் வரும், ஸ்டீரொய்ட் பம்ப். "ஸ்டீரொய்ட்" என்று கேட்டதும் மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் தடுப்பார்கள். சுகமாக இருக்கும் நாளில் மருந்து எதற்கு என்று அது மேசையிலேயே கிடக்கும். நீலம் மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பம்பில் 200 தடவைக்கான மருந்து இருக்கிறது. வருடத்தில் மூன்று பம்ப் முடித்தாலே கடும் இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டைத் தாண்டினால் உயிராபத்தும் கூடுகிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டி 2019இலேயே நீலத்தை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையைக் கைவிடச் சொல்லிவிட்டது. மாதாமாதம் நீலப் பம்ப் கேட்டு வருபவரிடம் "டாக்டரைக் கண்டீர்களா" என்று கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

பெண் பிள்ளைக்கு என்றால் பம்பைக் கடதாசியில் சுற்றித் தரச் சொல்லும் அப்பாமாரும் உண்டு. கல்யாணப் பேச்சுக்கு முன் வெளியே தெரியக்கூடாதாம். அரசாங்கம் இதைச் சாதாரண நோயாக மேடையில் பேசினால் இந்தக் கடதாசி கொஞ்சமாவது அவிழும். தினம், பிரகடனம் போன்றவற்றில் எனக்கிருக்கும் நம்பிக்கை அந்த அளவுதான்.

ஒவ்வாமை பற்றியும் ஒரு சொல். சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து தடிப்பு வந்தால் உடனே மீன் ஒவ்வாமை என்று முடிவு கட்டாதீர்கள். ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த மீனில், ஒவ்வாமையின்போது நம் உடலில் சுரக்கும் அதே ஹிஸ்டமின் ஊறி அதே குறிகளைக் காட்டும். ஆனால் மூச்சு இழுத்தாலோ மயக்கம் வந்தாலோ குளிசை தேடி என் கடைக்கு வரவேண்டாம். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுற்றறிக்கை வரும்வரை, டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள்: பிள்ளையின் பெயர், எந்தப் பம்ப், இழுப்பு வந்தால் எத்தனை தடவை, எப்போது 1990 அம்புலன்ஸுக்கு அழைப்பது. சிங்களத்திலும் ஒரு பிரதி எடுங்கள். அதிபருக்கு ஒன்று, வகுப்பாசிரியருக்கு ஒன்று, ஸ்கூல் வான் சாரதிக்கு ஒன்று. பகல் இரண்டு மணிக்கு காலி வீதி நெரிசலில் பிள்ளையோடு இருப்பவர் அவர்தான்.