புது ரோடு பைக்கில் முதல் சவாரி: எந்த வலி பழகும், எது பழகாது?

புது ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும், வளைந்த ஹேண்டில்பார் கொண்ட சைக்கிள்) வாங்கிய உற்சாகத்தில் முதல் நாளே 40, 50 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, அடுத்த வாரம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பாதி தூரத்திலேயே ஆரம்பிச்சிடுச்சு. பழகினா சரியாயிடும்னு விட்டுட்டேன்."

சில வலிகள் பழகினால் சரியாகத்தான் செய்யும். தொடைத் தசை கடுப்பதும், உட்காரும்போது சீட்டில் அழுந்துகிற இரண்டு எலும்பு முனைகள் நோவதும் அந்த வகை. முதல் சில சவாரிகளில் இது எல்லோருக்கும் உண்டு. அதற்குப் பயந்து தடிமனான ஜெல் உறை வாங்கி மாட்டாதீர்கள். எலும்பு முனைகள் அதில் புதைந்துபோக, நடுப்பகுதி மேலெழும்பி, அழுத்தம் படவே கூடாத இடத்தில் அழுத்தும். பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் எவ்வளவோ மேல்.

மரத்துப்போவது பழகும் வலி அல்ல. ரோடு பைக்கில் முன்னால் குனிந்து ஓட்டுவதால் மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கு உள்ளங்கைக்கு இறங்குகிறது. சுண்டுவிரல் பக்க உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, அல்நார் நரம்பு ஒரு குறுகிய பாதை வழியாகப் போகிறது. முழங்கையை விறைப்பாக நீட்டி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சாலையின் ஒவ்வொரு அதிர்வும் அங்கேதான் போய் இடிக்கும். முதலில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் விரல்களை அகல விரிக்கும் சிறு தசைகள் பலவீனப்படும். அந்த நிலையில் வருகிறவர்கள் சட்டைப் பொத்தான் போடவே திணறுகிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் வழியிலேயே தடுத்திருக்கலாம். முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள்: பிரேக் லீவரின் மேல்முனை, மேல் கம்பி, கீழ் வளைவு என்று இடங்களுக்கா பஞ்சம்? சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலும் உடம்பு முன்னால் வழுக்கிப் பாரமெல்லாம் கைக்கு வரும். அதையும் பாருங்கள்.

சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வருவதுதான் இது. அங்கே ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குகின்றன. உடனே பெடலில் எழுந்து நின்று அழுத்தத்தை எடுங்கள். சீட்டைச் சமமட்டத்தில் வைத்தும் தொடர்ந்தால் சீட்டின் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

முழங்கால் மூட்டு வலிக்கு முதலில் சீட் உயரத்தைத்தான் சந்தேகிப்பேன். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ, உயரம் அதிகம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் தானாக லேசாக மடங்கும். சுமார் 25 முதல் 35 டிகிரி மடக்கம் நல்லது. கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றை ஒட்டி மிதித்தால் மூட்டு பிழைக்கும்.

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலை முதல் சவாரிக்கே போடாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. சிக்னலில் நிற்கும்போது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் காலை விடுவிக்க மறந்து, வேகமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்கிறார்கள். கை தானாகத் தரையில் ஊன்றும். கட்டைவிரலை உயர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி தெரியுமே, விழுந்தபின் அங்கே தொட்டால் வலித்தால் சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிட்டு இருக்காதீர்கள். அடியிலுள்ள ஸ்கேஃபாய்டு எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும் என்பதால், சந்தேகமிருந்தால் மருத்துவர்கள் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். அதனால் கிளிப் பெடலைச் சுவரோரம் நின்றபடி, பூட்டு இறுக்கத்தைத் தளர்த்தி வைத்து, கால் யோசிக்காமல் விடுபடும்வரை பழகுங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை, கிளம்புமுன் எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். புது டிஸ்க் பிரேக் முதலில் மந்தமாகத்தான் பிடிக்கும். வாகனம் வராத இடத்தில் வேகமெடுத்து, பிரேக் பிடித்து, ஏறக்குறைய நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இப்படிப் பல தடவை செய்தபின்தான் முழுப் பிடிப்பு வரும். டயரில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் உச்ச வரம்பு. அதுவரை காற்றடித்தால் அதிர்வெல்லாம் கைக்குத்தான் ஏறும்.

முதல் சவாரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடும் தூரம் தாராளம். சீட்டைச் சரிசெய்ய ஆலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சீட் தண்டில் இப்போதைய உயரத்தை ஒரு துண்டு டேப்பால் குறித்துவிட்டு, 5 மில்லிமீட்டர் அளவில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. இறங்கிய மறுநாளும் விரல் மரத்தே இருந்தாலோ, பிடியில் வலு குறைந்தாலோ, அடுத்த சவாரிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.